கடோத்கசனுக்கு எத்தனை அடி?

வாட்ஸ்அப்பில் கடோத்கசன் மறுபடியும் வந்துவிட்டார். பீமன் மகனுடைய எலும்புக்கூடு என்று சொல்லிச் சுற்றுகிற படம். அதே குழி, அதே பிரம்மாண்டமான மண்டை ஓடு, ஓரத்தில் விரற்கடை உயரத்துக்கு அதே ஆட்கள். இந்த முறை அனுப்பியவர் சந்தையில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர். கொஞ்ச காலம் முன்னால் ஒரு சபை ஊழியர் இதே படத்தை பைபிளின் ஆதியாகமத்து இராட்சதர் என்று அனுப்பியிருந்தார். தேங்காய்ப்பட்டணத்து நண்பர் ஒருவர் வழியாக வந்தபோது அது சவூதிப் பாலைவனத்தில் கிடைத்த, குர்ஆனில் வருகிற ஆது கூட்டத்து மனிதன். ஒரே எலும்புக்கூட்டை மூன்று மதக்காரர்களும் சண்டை சச்சரவு இல்லாமல் பங்கு போட்டுக்கொள்வது எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டுமே நடக்கும் என்று நினைக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஹைட் பார்க் என்ற ஊரில், மாஸ்டடான் என்கிற விலங்கின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். யானைக்குத் தூரத்து உறவு, எப்போதோ அழிந்துபோனது. அந்தக் குழியை உயரத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு மனித எலும்புக்கூட்டை ஒட்டி, 2002-இல் வொர்த்1000 என்ற இணையதளம் நடத்திய போட்டோஷாப் போட்டிக்கு ஒருவர் அனுப்பினார். அயர்ன்கைட் என்ற புனைபெயரில் அனுப்பிய அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. போட்டியே பொய்யான அகழாய்வுப் படம் தயாரிப்பதற்குத்தான். ஒன்றிரண்டு வருடத்தில் அது மின்னஞ்சலில் ஏறி, சவூதி எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் கண்டது, வட இந்தியாவில் ராணுவம் சுற்றி வளைத்தது என்று கிளை விட்டது. 2007-இல் நேஷனல் ஜியோகிரபிக் இது பொய் என்று விளக்கமாக எழுதியது. அந்த விளக்கத்தை யாரும் எனக்கு இதுவரை பார்வேர்டு செய்ததில்லை.

இந்தப் படத்தில் குழி நிஜம், ஆட்கள் நிஜம். நடுவில் கிடப்பதன் அளவு மட்டும்தான் பொய். ஆனால் அந்த அளவு பொய் என்பதை அந்த எலும்பே சொல்லிவிடும். நம்மைப் போல பத்து மடங்கு உயரமான ஒருவன் இருந்தால் அவன் எடை பத்து மடங்கு கூடாது, ஆயிரம் மடங்கு கூடும். நீளம், அகலம், தடிமன் மூன்றும் பத்துப் பத்தாகப் பெருகுமே. ஆனால் எடையைத் தாங்கும் எலும்பின் குறுக்குவெட்டு நூறு மடங்குதான் கூடும். அந்தக் கால் முதல் அடியிலேயே ஒடிந்துவிடும். அவன் நடக்க வேண்டுமென்றால் தொடை எலும்பு உயரத்துக்குப் பொருத்தமே இல்லாமல் தடித்திருக்க வேண்டும். கலிலியோ 1638-இல் வந்த தன் நூலில் இப்படித் தடித்த ஒரு எலும்பை வரைந்தே காட்டியிருக்கிறார். கடோத்கசன் படத்தில் எலும்புகளின் நீளத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம் என்னையும் உங்களையும் போலவே இருக்கிறது. அப்படியென்றால் கிடக்கிற ஆளும் ஐந்தரை, ஆறு அடிதான்.

பைபிளில் கோலியாத்துக்கே ஆறு முழமும் ஒரு சாணும்தான். ஒன்பதே முக்கால் அடி என்று கணக்குச் சொல்வார்கள். நம் காலத்தில் முறையாக அளந்து பதிவு செய்தவர்களில் மிக உயரமானவர் ராபர்ட் வாட்லோ என்ற அமெரிக்கர், 8 அடி 11 அங்குலம். 1940-இல் இறந்தபோது அவருக்குச் செய்த பெட்டியின் நீளம் 10 அடி 9 அங்குலம். நான் சபை ஊழியரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். "அது இந்தக் காலத்து ஆளு, நாஞ்சொல்லுறது ஜலப்பிரளயத்துக்கு முன்னால" என்றார். அப்புறம் நான் பேசவில்லை.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். மார்த்தாண்டம் பக்கம் ஸ்டூடியோ வைத்துப் பிழைத்தவன் நான். கல்யாணம், ஞானஸ்நானம், முதல் திருவிருந்து எல்லாம் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்காரனுக்குக் கல்யாணத்துக்கு இணையாக இன்னொரு வேலை உண்டு, அது இறந்தவரை அடக்கம் செய்யும் முன் எடுக்கிற அடக்கப் படம். வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். சவப்பெட்டியை முற்றத்தில் பெஞ்சின் மேல் வைத்து, பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். வளைகுடாவில் இருக்கும் மகன் வந்து சேர முடியாவிட்டால் அவனுக்கு அந்தப் படம்தான் கடைசிப் பார்வை. இப்போது லைவ் ஓடுகிறது. அப்போது படம் மட்டும்தான்.

அந்த வேலையில் கற்றதைத்தான் பின்னால் முதுமக்கள் தாழி, அதாவது அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை, அந்தப் படங்களைப் பார்க்கும்போது எடுத்து வைத்துக்கொண்டேன்.

முற்றம் எப்போதும் சின்னது. பந்தல் கால், வாழை, கிணற்றுச் சுற்றுச்சுவர் எல்லாம் இடைஞ்சல். பின்னால் போக இடம் இல்லாததால் 28 எம்எம் வைட் லென்ஸை மாட்டி, கால்மாட்டில் நின்று எடுப்பார்கள். பெட்டி ஆறு அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா கால்மாட்டிலிருந்து நாலு அடியில் இருந்தால் தலைமாடு பத்து அடியில் இருக்கிறது. படத்தில் கால் பக்கம், தலைப் பக்கத்தோடு ஒப்பிட்டால் இரண்டரை மடங்கு பெரிதாக விழும். பெட்டி செய்கிற ஆசாரி தோள் பக்கம் அகலமாகவும் கால் பக்கம் ஒடுக்கமாகவும்தான் செய்திருப்பார். படத்தில் அது தலைகீழாகத் தெரியும். பாதம் பெரிதாக, முகம் மட்டும் எங்கேயோ தூரத்தில். வாழ்நாள் முழுக்க ஆஜானுபாகுவாக நடந்த மனிதர் படத்தில் பள்ளிக்கூடப் பையனாகச் சுருங்கிக் கிடப்பார். அதே பெட்டியைப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று எடுத்தால் தலைமாடு பதினெட்டு அடியில் இருக்கும், வித்தியாசம் ஒன்றரை மடங்காகக் குறைந்துவிடும். பக்கவாட்டில் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தால் இன்னும் நல்லது, தலையும் காலும் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் வரும்.

இங்கே பலரும் லென்ஸின் மேல் பழி போடுவார்கள். லென்ஸ் ஒரு பாவமும் செய்யவில்லை. எது பெரிது எது சிறிது என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம். வைட் லென்ஸ் கிட்டே போய் நிற்க அனுமதி கொடுக்கிறது, அவ்வளவுதான். செல்போனில் 0.5 என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அமுக்கிக் கிட்டே போய், கேமராவை நோக்கி நீட்டிய அத்தையின் கையைப் பாருங்கள், தெரியும்.

இதைக் கன்னியாகுமரிக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் தெரியாமலே செய்கிறார்கள். கடற்கரையில் ஒருவன் உள்ளங்கையை நீட்டுவான், இன்னொருவன் தரையில் குந்தி உட்கார்ந்து செல்போனைச் சாய்ப்பான், 133 அடி வள்ளுவர் உள்ளங்கையில் ஏறி நிற்பார். பீடம் 38 அடி, சிலை 95 அடி, 2000 ஜனவரி 1 முதல் நிற்கிற கல். ஒருவருக்கும் அது பொம்மை என்று தோன்றுவதில்லை, ஏனென்றால் சிலை எங்கே இருக்கிறது, கை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். புதைகுழிப் படத்தில் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. எது எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று பார்ப்பவனுக்குத் தெரியாது. நாலாபக்கமும் மண்ணின் நிறம் ஒன்றுதான். கண் பிடித்துக்கொள்ள ஒரு கதவோ, நாற்காலியோ, சைக்கிளோ இல்லை.

"ஸ்கேல் வைத்துத்தானே எடுக்கிறார்கள்?" என்பீர்கள். வைக்கிறார்கள். அந்த ஸ்கேலை எங்கே வைக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவே.

என் அண்ணன் மகள் தொல்லியல் படித்தவள். படிக்கும் காலத்தில் தாமிரபரணிப் பக்கம் ஓர் அகழாய்வில் குழிக்குள் இறங்கி வேலை செய்திருக்கிறாள். ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது மடிக்கணினியைத் திறந்து இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"சித்தப்பா, இது ரெண்டும் ஒரே தாழிதான். ஒண்ணுல கிடக்கது சின்னப் பிள்ளை மாதிரி இருக்கு, ஒண்ணுல பெரிய ஆளு மாதிரி இருக்கு. ஏன்னு சொல்லுங்க பாப்போம்."

"ஸ்கேல் எங்க வச்சிருக்கு மக்களே?"

"ஒண்ணுல விளிம்பு மேல. மத்ததுல உள்ள, எலும்புக்குப் பக்கத்துல."

"எவ்வளவு உயரத்துல நின்னு எடுத்தது?"

"குழிக்குள்ளேயே நின்னு, கைய நீட்டி."

அவள் சொன்னதை வைத்து ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கேமரா தாழியின் வாய்க்கு ஒன்றரை மீட்டர் மேலே இருக்கிறது என்று கொள்வோம். எலும்பு கிடப்பது வாய்க்கு முக்கால் மீட்டர் கீழே. ஆகக் கேமராவிலிருந்து விளிம்புக்கு 1.5 மீட்டர், எலும்புக்கு 2.25 மீட்டர். எலும்பு விளிம்பைவிட ஒன்றரை மடங்கு தூரத்தில் இருப்பதால், படத்தில் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். வளர்ந்த ஆளின் தொடை எலும்பு 45 சென்டிமீட்டர் என்றால், விளிம்பில் வைத்த ஸ்கேலோடு ஒப்பிட்டு அளந்தால் 30 சென்டிமீட்டர் வரும். 30 சென்டிமீட்டர் தொடை எலும்பு என்பது இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் எலும்பு. முழு மனிதனைக் குழந்தையாக்கிவிட்டது ஒரு ஸ்கேல். ஸ்கேல் நேர்மையானதுதான், சென்டிமீட்டர் கோடுகள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. உள்ளே வைத்த படத்தில் இதே கோளாறு திரும்பி அடிக்கும். எலும்பு சரியாக அளவாகும், ஆனால் 50 சென்டிமீட்டர் வாய் உள்ள தாழி 75 சென்டிமீட்டராகத் தெரியும். இதைப் பார்த்துவிட்டு "அந்தக் காலத்துத் தாழி எவ்வளவு பெரிசு தெரியுமா" என்று ஒருவர் கட்டுரை எழுதிவிடலாம்.

ஏணி போட்டு ஏறி விளிம்புக்கு மூன்று மீட்டர் மேலிருந்து எடுத்தால் அதே தொடை எலும்பு 36 சென்டிமீட்டர் காட்டும். ட்ரோனை 15 மீட்டரில் நிறுத்தினால் ஏறக்குறைய 43. மேலே போகப் போகப் பொய் குறைகிறது. ஒரேயடியாகப் போய்விடாது, ஆனால் குறையும். இப்போதெல்லாம் ஒரு குழியை நூற்றுக்கணக்கான படங்களாக ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்து, அளந்து குறித்த புள்ளிகளோடு கணினியில் இணைத்து, எல்லா ஆழத்தையும் ஒரே அளவுக்குச் சமன் செய்த படம் தயாரிக்கிறார்கள். அந்தப் படத்தில் நேரடியாக அளக்கலாம். ஆனால் நாளிதழிலும் நம் போனிலும் வருவது பெரும்பாலும் யாரோ குழி ஓரத்தில் குனிந்து எடுத்ததுதான்.

இதை நேரில் உணர வேண்டுமானால் ஆதிச்சநல்லூர் போய் வாருங்கள். நாகர்கோவிலில் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் பார்த்துவிடலாம். 1876-இல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டியதும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ வருடக்கணக்காகத் தோண்டியதும் அந்தப் பழைய இடுகாட்டுப் பரம்பில்தான். அண்மைய அகழாய்வில் கண்ட தாழிகளை எடுக்காமல், குழியின் மேல் கண்ணாடி போட்டு, மேலே நடந்தபடியே பார்க்க வைத்திருக்கிறார்கள். கண்ணாடியின் மேல் நின்று கீழே பார்த்தால் தாழிகள் எல்லாம் வீட்டுத் தண்ணீர்ப் பானை அளவுதான் தெரியும். அப்படியே குழியின் விளிம்புக்கு வந்து, குந்தி உட்கார்ந்து, பக்கவாட்டில் பாருங்கள். ஒரு ஆளை உட்கார வைக்கலாம் போலத் தோன்றும். அங்கே வந்திருந்த ஒரு பெரியவர் தன் மனைவியிடம் "இதுக்குள்ள எப்பிடி ஆள வச்சிருப்பான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நின்றுகொண்டு பார்ப்பவர் அப்படித்தான் கேட்பார். முழு உடலை மடக்கி வைத்ததும் உண்டு, எலும்புகளை மட்டும் பொறுக்கி வைத்ததும் உண்டு. கணவனை இழந்த ஒரு பெண் குயவனிடம், தாழியை எனக்கும் சேர்த்து அகலமாகச் செய் என்று கேட்கிற சங்கப் பாட்டு ஒன்று இருக்கிறது. அவள் கேட்டபடி அகலமாகச் செய்ய எவ்வளவு மண் வேண்டும் என்று நான் யோசித்திருக்கிறேன். புகைப்படக்காரன் புத்தி.

அகழாய்வுக்காரர்கள் படம் எடுப்பதற்கு முன் செய்யும் ஏற்பாடுகள் கல்யாண வீட்டுக்குச் சளைத்தவை அல்ல. மண்ணைப் பிரஷ் போட்டுக் கூட்டுவார்கள், ஓரங்களைச் செதுக்குவார்கள், எலும்பின் நிறம் தெரியக் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார்கள். நிழல் கோடு போடாமல் இருக்க மேகம் வரும்வரை காத்திருப்பார்கள், இல்லாவிட்டால் நாலு பேர் துணியைப் பிடித்து நிற்பார்கள். இடத்தின் பெயர், குழி எண், ஆழம், தேதி எழுதிய பலகை, வடக்கு காட்டும் அம்பு, ஸ்கேல். கடைசியாக, படத்தின் சட்டகத்துக்குள் கிடக்கும் சாந்துச் சட்டி, மண்வெட்டி, செருப்பு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துவார்கள். ஆவணத்துக்கு அது சரி. ஆனால் சாதாரண ஆளுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு சொல்லும் அளவை 10 சென்டிமீட்டர் கறுப்பு வெள்ளைக் கட்டை சொல்லாது என்பது என் அபிப்பிராயம். பெரிய குழிக்கு ஸ்கேலாக வைக்கும் நீளக் கம்பு இன்னும் மோசம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டிருக்கும். ஒரு பட்டை 10 சென்டிமீட்டரா, 20-ஆ, 50-ஆ என்பது கம்புக்குக் கம்பு மாறும். அறிக்கையில் எழுதியிருப்பார்கள், பேப்பரில் எழுத மாட்டார்கள். பல நேரம் பக்கத்தில் இடம் போதவில்லை என்று ஸ்கேலையே வெட்டிவிட்டுத்தான் அச்சடிக்கிறார்கள்.

பழைய காலப் படங்களில் கம்புக்குப் பதிலாக ஒரு ஆளை நிறுத்துவார்கள். தலைப்பாகை, வேட்டி, வெறுங்கால், முறைத்த பார்வை. அந்த ஆள் ஐந்தடி இரண்டா, ஐந்தடி எட்டா என்று எங்கும் குறிப்பு இருக்காது. பெயரும் இருக்காது.

ஸ்கேலே இல்லாத படம் கையில் கிடைத்தால் என்ன செய்வது? இதற்கு அண்ணன் மகள் சொன்னதும் என் அனுபவமும் சேர்த்துச் சில வழிகள் உண்டு. எலும்புக்கூடு மனித உருவமாக இருப்பதால் நம் மனம் உடனே "ஒரு ஆள்" என்று எழுதிக்கொள்கிறது. ஆள் என்றால் ஐந்தரை அடி. அங்கேதான் சறுக்குகிறோம். 2020-இல் கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் குழந்தையின் எலும்புக்கூடு கிடைத்த செய்தி வந்தபோது, படத்தை மட்டும் பார்த்துவிட்டு எங்கள் குழுவில் ஒருவர் "அந்தக் காலத்து ஆட்கள் நல்ல உயரம்" என்று எழுதினார். தலைப்பிலேயே குழந்தை என்று இருந்தது.

தலையைப் பாருங்கள். பிறந்த குழந்தைக்கு உடம்பில் கால் பங்கு தலைதான். வளர்ந்த ஆளுக்கு ஏழில், எட்டில் ஒரு பங்கு. தலை உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தால் பிள்ளை. அடுத்தது எலும்பின் முனைகள். வளர்கிற வயதில் தொடை எலும்பின் குமிழும் தண்டும் தனித்தனியாக இருக்கும், நடுவில் இருந்த குருத்தெலும்பு மண்ணில் கரைந்துபோயிருக்கும். படத்தில் கூர்ந்து பார்த்தால் முனை இல்லாத மொட்டை எலும்பாகத் தெரியும். அப்புறம் பல். இதுதான் எனக்குப் பிடித்தது. நிலைப்பல் முளைத்த பிறகு வளராது. ஆறு வயதில் வரும் முதல் கடைவாய்ப் பல் அறுபது வயதிலும் அதே அளவு, சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம். படத்தில் தாடை தெளிவாக இருந்தால் அந்தப் பல்லே ஸ்கேல். ஆனால் அதிலும் பழைய எச்சரிக்கைதான், பல்லை வைத்துப் பல் இருக்கிற தளத்தில் இருப்பதைத்தான் அளக்கலாம், கால் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

சிறியதைப் பெரியதாக்குவது இருக்கட்டும், சிறியதை வேற்றுக்கிரகத்துக்கே அனுப்பியதும் உண்டு. 2003-இல் தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் ஒரு சின்ன உடல் கிடைத்தது. ஒரு சாண் நீளம்கூடத் தேறாது, 15 சென்டிமீட்டர். முகத்தை மட்டும் திரை நிறையக் காட்டிக் காட்டி விண்வெளி ஆள் என்றார்கள். 2018-இல் வந்த மரபணு ஆய்வு அது மனிதக் குழந்தை, பெண் என்றது. யாரோ பெற்ற பிள்ளையை வருடக்கணக்காக வேடிக்கை காட்டியிருக்கிறார்கள்.

சரி, முழு எலும்புக்கூடு நீட்டிப் படுத்த நிலையில் இருக்கிறது, ஸ்கேலும் ஒழுங்காகப் பக்கத்தில் அதே தளத்தில் இருக்கிறது. அப்போது உச்சியிலிருந்து பாதம்வரை அளந்தால் ஆளின் உயரம் வந்துவிடுமா? வராது. இதை எனக்கு முதலில் சொன்னது எந்தப் படித்தவரும் இல்லை, எங்கள் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர்தான். "செத்தவனுக்கு இருந்தப்ப உள்ளதவிட ஒரு சாண் கூடுதல் வேணும் பாத்துக்கிடுங்க. கால் நீண்டு போவும்" என்பார். படுக்கும்போது பாதம் முன்பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது, நிற்கும்போது குதிகாலில் முடிகிற உயரம் விரல் நுனிவரை நீள்கிறது. மண்ணுக்குள் சதை போன பிறகு மூட்டுகள் விலகும், மண் இறங்கும், தலை ஒருபக்கம் சரியும். கூட்டிக் கழித்தால் எந்தப் பக்கமும் போகலாம். அதனால் ஆய்வாளர்கள் தொடை எலும்பைத் தனியே எடுத்து அளக்கிறார்கள். உத்தேசமாக ஆளின் உயரம் தொடை எலும்பைப் போல மூன்றே முக்கால் மடங்கு. 45 சென்டிமீட்டர் எலும்பு என்றால் சுமார் 169 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்தரை அடி. இனத்துக்கு இனம், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிச் சூத்திரங்கள் இருக்கின்றன, அவற்றிலும் சில சென்டிமீட்டர் முன்பின் இருக்கும். ஆகவே "எட்டடி மனிதன்" என்று செய்தி வந்தால் தொடை எலும்பு எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். எட்டடிக்கு 65 சென்டிமீட்டர் வேண்டும். அந்த எண்ணைச் சொல்ல முடியாதவர் குழியின் நீளத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

குழியையும் கல்லறையையும் வைத்து ஆளை அளப்பது நம் ஊரில் பழைய பழக்கம். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் கல்லறை இருக்கிறது. குளச்சலில் மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்டு, பின்னால் அவர் படைக்கே தளபதியாகி, 1777-இல் இறந்தவர், டச்சுக் கம்பெனிப் படையோடு வந்தவர். அங்கே போகிற பையன்கள் கல்லின் கால்மாட்டில் நின்று 0.5-ஐ அமுக்கிப் படம் எடுத்துவிட்டு, "வெள்ளக்காரன் எம்புட்டு உயரம் பாத்தியா" என்கிறார்கள். கல் கல்லின் நீளம், அவ்வளவுதான்.

மடங்கிக் கிடப்பவர்களை நீளத்தால் அளக்கவே முடியாது. 2007-இல் இத்தாலியில் மாந்துவா அருகே வால்தாரோவில் இரண்டு பேர் முகத்தோடு முகம் வைத்து, கால்கள் பின்ன, கட்டிக்கொண்டு கிடந்த படம் உலகமெல்லாம் போனது. அந்தப் படத்தை இரண்டு உடம்புக்கு மட்டும் இடம் விட்டு இறுக்கி வெட்டியிருந்தார்கள், ஓரமே இல்லை. அளவு தெரியாததால்தான் அது அத்தனை பேருடைய படமானது என்று நினைக்கிறேன். ஆவணமாகப் பார்த்தால் எனக்கு அது பிடிக்காது. படமாகப் பார்த்தால் கை வைக்க ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். நம் பக்கத்தில் ரப்பருக்குக் குழி போடும்போதும் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதும் ஜேசிபி முனையில் பானை ஓடு தட்டுப்படலாம். தட்டுப்பட்டால் வேலையை நிறுத்திவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்ல வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, கலெக்டர்வரை தகவல் போக வேண்டும். எதையும் வெளியே எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். அவர் வருவதற்குள் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. ஸ்கேல் இல்லையென்றால் சட்டைப் பையில் பாருங்கள். பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். ஏடிஎம் அட்டை 85.6 மில்லிமீட்டர் நீளம். எல்லாவற்றிலும் வசதி புது ஐநூறு ரூபாய் நோட்டு, சரியாக 15 சென்டிமீட்டர். எலும்போ ஓடோ கிடக்கிற அதே மட்டத்தில், தொடாமல், பக்கத்தில் விரித்து வையுங்கள். ஆழமான குழி என்றால் மேலே ஒரு படம், கீழே ஒரு படம், நோட்டை மாற்றி வைத்து இரண்டாக எடுங்கள். குனியாமல், செல்போனைத் தரைக்கு இணையாகப் பிடித்து, முடிந்த அளவு உயரத்திலிருந்து, 1x-இலேயே எடுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் நோட்டின் இரண்டு முனையிலும் கல் வைத்துவிடுங்கள். அந்தக் காற்றில் ஸ்கேல் முப்பந்தல் தாண்டிப் பறந்துவிடும், அப்புறம் தாழியை யார் பார்ப்பார்கள்.